பம்பை அடிக்கு ஆடுற சீரியல் லைட்டு

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு சேலத்துல போடுற சீரியல் லைட்டு பம்பை சத்தத்துக்கு எரியணுமா, 230 வோல்ட் செட்ட தொடாதீங்க, 5 வோல்ட் டபிள்யூஎஸ்2812 ஸ்ட்ரிப் (ஒவ்வொரு எல்இடியையும் தனித்தனியா எரிய வைக்கலாம்), ஆர்டுயினோ நானோ (நாம எழுதுற கோட்ட ஓட்டுற குட்டி போர்டு), மேக்ஸ்4466 மைக் போர்டு வாங்குங்க. மைக் அவுட் நானோவோட ஏ0 பின்னுக்கு, ஸ்ட்ரிப் டேட்டா 330 ஓம் ரெசிஸ்டர் வழியா டி6 பின்னுக்கு, கிரவுண்ட் எல்லாம் ஒண்ணா சேரணும். கோட்ல ஃபாஸ்ட்எல்இடி லைப்ரரி (ஸ்ட்ரிப்ப எரிய வைக்கிற ரெடிமேட் கோட்) போட்டு, 50 மில்லிசெகண்டுக்குள்ள மைக்ல இருந்து வர்ற பெரிய ரீடிங்ல இருந்து சின்னத கழிங்க, அந்த வித்தியாசம்தான் சத்தம், அதுக்கு ஏத்த அளவு எல்இடி எரியட்டும்.

சப்ளைலதான் நெறைய பேரு கோட்டை விடுறாங்க. ஒரு எல்இடி ஃபுல் வெள்ளைல 60 மில்லிஆம்ப் வரை இழுக்கும், 60 எல்இடின்னா 3.6 ஆம்ப், நானோ தாங்காது, தனியா 5 ஆம்ப் சப்ளை போடுங்க. மைக்க ஸ்பீக்கர் மேல ஒட்டுனா எல்லாமே எரிஞ்சுட்டே கெடக்கும், மைக் போர்டு பின்னாடி இருக்குற குட்டி ஸ்க்ரூவ திருப்பி கெயின, அதாவது மைக் சத்தத்த பெருக்குற அளவ, கொறச்சுக்கோங்க.