திருடனுக்குப் பொறி வைக்கும் முன்: சட்டம் எதுவரை விடும்?

கிணற்று மோட்டாரின் செம்புக் கேபிளை ஒருமுறை அறுத்துக்கொண்டு போய்விட்டால், வேலியில் கரண்ட் கொடுத்துவிடலாமா என்று தோன்றும். கொடுக்காதீர்கள். லைனில் வரும் 230 வோல்ட் மின்சாரம் நேரடியாகப் பட்டால் தசை இறுகி, பிடித்த கையை விடமுடியாது. இரவில் மடை திருப்ப வரும் பக்கத்துக் காட்டுக்காரரும் அதே கம்பியைத்தான் தொடுவார்.

“அத்துமீறி வந்தவன் செத்தால் நான் பொறுப்பா?” என்ற வாதம் 1963-லேயே உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. செருபின் கிரகரி எதிர் பீகார் அரசு வழக்கில், அக்கம்பக்கத்தார் தன் கழிப்பறைக்கு வருவதைத் தடுக்க ஒருவர் மின்கம்பி கட்டினார். ஒரு பெண் இறந்தார். அத்துமீறியவர் என்பதற்காக அவர் உயிருக்குச் சட்டப் பாதுகாப்பு போய்விடாது என்று நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது.

இன்று இதே செயலுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-இன்படி (அலட்சியத்தால் உயிரிழப்பு) 5 ஆண்டு வரை சிறை. உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே வைத்ததாக நிரூபணமானால் 105-ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை. கொடுங்காயத்துக்கு 125-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை. விவசாய இணைப்பிலிருந்து எடுத்திருந்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவும் (மின்திருட்டு) சேரும். கம்பி இழுபட்டால் வெடிக்கும் துப்பாக்கி, நாட்டு வெடி என்றால் ஆயுதச் சட்டம், வெடிபொருள் சட்டம் வேறு.

தற்காப்பு உரிமை கைகொடுக்குமா? சொத்தைக் காக்க உயிரைப் பறிக்கும் அளவுக்கு அதே நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு அனுமதிப்பது கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைதல் போன்ற சிலவற்றுக்கே. அதுவும் ஆபத்து எதிரில் நிற்கும்போது, தேவையான அளவு மட்டும். வந்திருப்பது திருடனா, பந்து எடுக்க வந்த பிள்ளையா என்று பொறி பார்க்காது, சிக்கலே அங்கேதான்.

சுவர்மேல் பதித்த கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத் தெரியும் தடை. புல்லுக்குள் மறைத்த ஆணிப்பலகை பொறி. இந்த வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

மின்வேலிதான் வேண்டுமென்றால், தரச்சான்று பெற்ற எனர்ஜைசர் (வேலிக்கு மின்சாரம் அனுப்பும் கருவி) வாங்குங்கள். அது விட்டுவிட்டுத் துடிப்பாக அடிக்கும்: துடிப்புகளுக்கிடையே குறைந்தது 1 விநாடி, ஒவ்வொன்றும் 10 மில்லிவிநாடிக்குள், 500 ஓம் சுமையில் 5 ஜூலுக்கு மிகாமல். அந்த இடைவெளியில்தான் கை விடுபடுகிறது. அதன் எர்த் கம்பி, வீடு அல்லது மோட்டாரின் எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நெருங்கினால் மோட்டார் உடம்பிலும் ஷாக் ஏறலாம். முள்கம்பியில் இணைக்கவே கூடாது. மாட்டிக்கொண்டவர் விலக முடியாது. 20க்கு 10 செ.மீ. அளவாவது உள்ள மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகள் மாட்டுங்கள். காப்புக்காட்டை ஒட்டிய நிலம் என்றால், தமிழகத்தின் 2023 மின்வேலி விதிகளின்படி முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கேபிள் திருட்டுக்கு வேலியைவிட, கேபிளை ஜி.ஐ. குழாய்க்குள் விட்டுப் புதைப்பதும், அசைவு கண்டால் அலறும் சைரனும் மேல்.

ஆள் கையும் களவுமாகப் பிடிபட்டால் கட்டிவைத்து அடிக்காதீர்கள். பொதுமக்களில் ஒருவர் கைது செய்த ஆளை 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்கச் சொல்கிறது, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு.