‘கிராமத்து விசா’ என்று நம்பிச் செய்யும் பிழைகள்

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மாதத்தில் இரண்டு மூன்று பேராவது, ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ குடியேறுவதற்கான ஆவணங்கள் அடங்கிய பிளாஸ்டிக் கோப்புகளுடன் வந்துவிடுகிறார்கள். பொறியியல் படித்துச் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள், வெளிநாட்டில் முதுகலை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், செவிலியராகப் பணிபுரியும் பெண்கள் என்று பலரும் வருவதுண்டு. எனக்கு இது தொழில் அன்று. என் மகளின் விண்ணப்பத்தோடு இரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டியதில் கற்றுக்கொண்டதைக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், அவ்வளவுதான். அண்மையில் வள்ளியூரிலிருந்து வந்த ஓர் இளைஞர் உட்கார்ந்ததும் கேட்டார்: “அண்ணாச்சி, இது கிராமத்து விசாதானே, லேசாக் கிடைச்சிரும்லா?” ஆஸ்திரேலியாவின் பிராந்திய விசாவைத்தான் அவர் அப்படிச் சொன்னார். அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு தவறுகள் இருந்தன.

முதலாவது, கிராமம் என்ற எண்ணம். ஆஸ்திரேலியாவின் குடிவரவு விதிகளில் சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகர்ப் பகுதிகள் நீங்கலாக மற்றவை எல்லாமே ‘பிராந்தியம்’ என்ற கணக்கில்தான் வரும். பெர்த்தும் அடிலெய்டும் தலைநகரான கான்பெராவும் அதில் அடக்கம். ஆகவே, காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று அஞ்சி ஒதுங்குவதற்கு இடமில்லை. இரண்டாவது, எளிதில் கிடைத்துவிடும் என்ற எண்ணம். 491, 494 என்ற எண்களால் அறியப்படும் பிராந்திய விசாக்கள் 2019 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தன. 491 விசாவுக்கு ஒரு மாநில அரசின் முன்மொழிவோ, பிராந்தியப் பகுதியில் வாழும் தகுதியுள்ள உறவினரின் பொறுப்பேற்பு ஆதரவோ வேண்டும்; 494 விசாவுக்கு முதலாளியே முன்மொழிய வேண்டும். இரண்டுமே ஐந்து ஆண்டுகளுக்கு உரிய தற்காலிக விசாக்கள். அந்தக் காலத்தில் குறைந்தது மூன்று ஆண்டுகள் விசாவை வைத்திருந்து, நிபந்தனைகளை மீறாமல் இருந்து, மூன்று நிதியாண்டுகளுக்கு வரித்துறை தரும் மதிப்பீட்டு அறிவிப்புகளைக் காட்டிய பிறகே 191 எனப்படும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். 491 விசாவில், வயது, ஆங்கிலம், அனுபவம் போன்றவற்றுக்குத் தரும் தகுதிப் புள்ளிகளோடு கூடுதல் புள்ளிகளைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக நம்மை ஓர் இடத்திலும் ஒரு காலக்கெடுவிலும் கட்டிவைக்கிற ஒப்பந்தம் இது. நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை, புள்ளியைப் பார்த்துவிட்டுக் கட்டுப்பாட்டைப் பார்க்காமல் விட்டதால் நேர்ந்தவை.

இடத்தைப் பற்றிய கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வோம். 491 விசாவின் 8579 என்ற நிபந்தனையின்படி குடியிருப்பதும் வேலை பார்ப்பதும் படிப்பதும் குறிக்கப்பட்ட பிராந்தியப் பகுதிக்குள்ளேயே நடக்க வேண்டும். மூன்றில் ஒன்று வெளியே போனாலும் மீறல்தான். ஜீலாங் என்ற ஊர் பிராந்தியக் கணக்கில் வருகிறது; அங்கிருந்து மெல்போர்னுக்கு ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். வண்ணார்பேட்டையில் வீடு வைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வருவது நமக்குப் பெரிய செய்தியாகத் தோன்றாது. ஆனால் ஜீலாங்கில் வீடும் மெல்போர்னில் வேலையுமாக இருப்பவர் தம் நிரந்தர வசிப்புரிமையைத் தாமே பறிகொடுக்கிறார். எல்லை எது என்பதை அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள். 627 என்று தொடங்கினால் நம்ம ஊர்ப் பக்கம் என்று நாம் அடையாளம் காண்பதைப் போலத்தான் இதுவும். வேலைக்கான கடிதம் வந்ததும் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்பு, அலுவலகம் இருக்கும் இடத்தின் குறியீட்டு எண் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். விடுமுறைக்குச் சிட்னி போய்வருவதில் தடையேதும் இல்லை.

இந்த நிபந்தனை விண்ணப்பதாரரை மட்டும் கட்டுவதில்லை. உடன் செல்லும் கணவன் அல்லது மனைவிக்கும் அதே நிபந்தனைதான். கணவர் அடிலெய்டில் இருக்க, மனைவிக்குச் சிட்னி மருத்துவமனையில் நல்ல வேலை கிடைத்தது என்று குடும்பம் இரண்டாகப் பிரிந்து வாழ்ந்தால், மனைவியின் நிரந்தர வசிப்புரிமை கேள்விக்குறியாகிவிடும். முகவரி, வேலை, கைப்பேசி எண் போன்றவை மாறினால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது வேறொரு நிபந்தனை. இதைப் பலர் மறந்துபோகிறார்கள்.

காலத்தைப் பற்றிய பிழை நம் பக்கத்துக் குடும்பங்களில் சற்று அதிகம். ஐந்து ஆண்டு என்பது விசா வழங்கப்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. விமானத்திலிருந்து இறங்கிய நாளிலிருந்து அன்று. ஆடி கழியட்டும், தங்கை கல்யாணம் முடியட்டும், கோயில் கொடை முடிந்து கிளம்பலாம் என்று ஓராண்டைக் கரைத்தவர்களுக்கு நான்கு ஆண்டுகள்தான் மிஞ்சும். அங்கே நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. மார்ச்சில் போய் இறங்கி, வேலை தேடி, ஜூலைக்குப் பின் சம்பளம் வாங்கத் தொடங்குபவருக்கு முதல் நிதியாண்டு வெறுமையாகப் போய்விடுகிறது. அதன் பிறகு மூன்று ஆண்டு வரி அறிவிப்புகளைச் சேர்க்க வேண்டும். 494 விசாவில் வேலை போனால் ஒரே தடவையில் 180 நாட்களும், விசாக் காலம் முழுவதிலும் 365 நாட்களும் மட்டுமே அந்த முதலாளியிடம் வேலையில்லாமல் இருக்கலாம். அதற்குள் வேறு முதலாளி ஒருவர் புதிதாக முன்மொழிய வேண்டும். பிராந்திய விசாவை வாங்கிக்கொண்டு, மூன்று ஆண்டுகள் முடிவதற்கு முன் 189, 190 போன்ற வேறு நிரந்தர விசாவுக்குத் தாவிவிடலாம் என்று திட்டமிடுவதும் நடவாது. விதியே அதைத் தடுக்கிறது.

இனிப் புள்ளிகளுக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் 65 புள்ளிகள் என்பது வரிசையில் நிற்பதற்கான தகுதி மட்டுமே. விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வருவது போட்டியையும் தொழிலையும் மாநிலத்தையும் பொறுத்தது. 491 முன்மொழிவுக்கு 15 புள்ளிகள் கிடைக்கின்றன, 190 விசாவுக்கு 5 மட்டுமே. எல்லாரும் பிராந்தியத்தை நோக்கித் திரும்புவதன் காரணம் இதுதான். வயதுக்கான புள்ளி 33-ஆவது பிறந்தநாளில் 30-இலிருந்து 25 ஆகவும், 40-இல் 15 ஆகவும் குறையும். 45 ஆகிவிட்டால் கதவு சாத்தப்பட்டுவிடும். அழைப்பு வரும் நாளில் உள்ள வயதைத்தான் பார்ப்பார்கள், ஆதலால் ஆங்கிலத் தேர்வை அடுத்த ஆண்டு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது 32 வயதுக்காரருக்கு விலையுயர்ந்த சோம்பல். ஐஇஎல்டிஎஸ் தேர்வின் நான்கு பகுதிகளிலும் 7 எடுத்தால் 10 புள்ளி, 8 எடுத்தால் 20 புள்ளி.

திருமணம் பற்றிய பிழையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மணமாகாதவருக்கு 10 புள்ளிகள் உண்டு. நம் ஊரில் விசாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பதிவாளர் அலுவலகத்தில் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து மண்டபம் பிடித்து ஊரறியத் தாலி கட்டுகிற வழக்கம் பரவலாகிவிட்டது. குடும்பத்தின் கண்ணுக்கு அந்த ஆறு மாதமும் பிள்ளை ‘கல்யாணம் ஆகாதவன்’. சட்டத்தின் கண்ணுக்குக் கையெழுத்துப் போட்ட அன்றே மணமானவன். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த ஒரு தாயார் பத்திரிகையை நீட்டி, “கல்யாணம் தையிலதான் சார்” என்றார். அதே கோப்பில் ஆவணியில் பதிவான சான்றிதழும் இருந்தது. மகன் ஐப்பசியில் மணமாகாதவர் என்று எழுதி 10 புள்ளி கேட்டிருந்தார். அந்தத் தாயாரோ மகனோ ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். ஆனாலும் தவறான தகவல் கொடுத்ததாகக் கருதி மறுத்தால் ஆஸ்திரேலியாவில் மூன்று ஆண்டுகள் வரை விசா கிடைக்காமல் போகலாம். கனடாவில் அந்தத் தடை ஐந்து ஆண்டுகள். கனடாவில் இன்னொன்றும் உண்டு. நிரந்தர வசிப்புரிமை பெறும்போது மனைவியையோ குழந்தையையோ குறிப்பிடாமல் விட்டால், பின்னாளில் அவர்களைக் குடும்பப் பிரிவில் அழைத்துக்கொள்ளும் உரிமையே பொதுவாக இல்லாமல் போய்விடும். உடன் வராதவர்களாக இருந்தாலும் பெயரை எழுதியே தீர வேண்டும்.

பணி அனுபவத்திலும் இப்படித்தான் கணக்குப் பிசகுகிறது. கணினித் துறையினரின் தகுதியை மதிப்பிடும் ஆஸ்திரேலியக் கணினிச் சங்கம், பட்டம் தொழிலோடு நெருங்கியதாக இருந்தாலும் தொடக்க அனுபவத்தில் இரண்டு ஆண்டுகளைக் கழித்துக்கொண்டு, அதற்குப் பிந்தையதையே திறன்மிக்க அனுபவமாக ஏற்கிறது. பட்டம் விலகியதாக இருந்தால் நான்கு ஆண்டுகள்கூடக் கழியும். ஐந்து ஆண்டு அனுபவத்துக்கு 10 புள்ளி என்று போட்டவருக்கு மூன்று ஆண்டுக்குரிய 5 புள்ளிதான் செல்லும். அழைப்பு வந்த பிறகு இது தெரியவந்தால், செலுத்திய கட்டணமும் போகும், விசாவும் போகும்.

கட்டிடப் பொறியாளர்களின் சிக்கல் வேறு. ஒப்பந்தக்காரரிடம் நான்கு ஆண்டுகள் தள நிர்வாகம் பார்த்திருப்பார்கள். வேலை உண்மை, திறமை உண்மை, ஆனால் சம்பளம் சனிக்கிழமைதோறும் கையில் வாங்கியது. வங்கிக் கணக்கில் பதிவில்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை, படிவம் 16 இல்லை. லெட்டர்ஹெட்டில் எழுதிய ஒரு பக்கக் கடிதம் மட்டுமே இருக்கிறது. அதிலும் பணிவிவரத்தை ஆஸ்திரேலியத் தொழில் வகைப்பாட்டுப் பட்டியலிலிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்து ஒட்டியிருந்தால், மதிப்பிடுபவர் முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார். எந்தத் தளத்தில், எத்தனை மாடிக் கட்டிடத்தில், யாருக்குக் கீழே, என்ன பொறுப்பில் இருந்தோம் என்று சொந்தச் சொற்களில் எழுதப்பட்ட கடிதமே நிற்கும். வெளிநாடு போகும் எண்ணம் துளியாவது இருந்தால், முதல் மாதத்திலிருந்தே சம்பளத்தை வங்கி வழியாக வாங்கிக்கொள்வது நல்லது.

பெயரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பட்டச் சான்றிதழில் ‘எஸ். முருகன்’, ஆதாரில் ‘முருகன் எஸ்’, பாஸ்போர்ட்டில் ‘முருகன் சுப்பையா’ என்று ஒரே ஆள் மூன்று பேராக நிற்பது நமக்குப் பழகிய காட்சி. குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் பாஸ்போர்ட்டில் இருந்தால், கனடாவின் படிவங்களில் அதைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில்தான் எழுத வேண்டும். ஆங்கிலத் தேர்வுக்குப் பதியும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துப் பதிந்துவிட்டால் பின்னால் அலைச்சல் குறையும். முதலெழுத்தின் விரிவை விளக்கும் உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

படிக்கப் போகிறவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். பிராந்திய நகரில் தலைமையகம் உள்ள சில பல்கலைக்கழகங்கள் சிட்னியிலும் மெல்போர்னிலும் கிளை வளாகங்கள் நடத்துகின்றன. அந்தக் கிளையில் படித்தால், பிராந்தியப் படிப்புக்கு உரிய 5 புள்ளிகள் கிடைக்காது. படிப்பு முடிந்தபின் தற்காலிகமாகத் தங்கி வேலை பார்க்க உதவும் 485 விசாவைப் பிராந்தியப் பட்டதாரிகள் இரண்டாவது முறை பெறும் வாய்ப்பும் கிடைக்காது. வளாகமும் குடியிருப்பும் பிராந்தியத்தில் இருக்க வேண்டும் என்பதே விதி. 2024 ஜூலை முதல் 485 விசாவுக்கான வயது வரம்பு பெரும்பாலோருக்கு 35 ஆகக் குறைக்கப்பட்டுள்ளது; 34 வயதில் இரண்டாண்டு முதுகலைக்குக் கடன் வாங்கப் போகிறவர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கனடாவில் அட்லாண்டிக் கரையில் உள்ள நான்கு மாகாணங்களுக்கான திட்டம் 2022 முதல் நிரந்தரமாகியுள்ளது. அங்கே இரண்டாண்டுப் படிப்பை முடித்தவருக்கு முன் அனுபவம் தேவையில்லை. ஆனால் பட்டம் பெறுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் குறைந்தது 16 மாதங்கள் அங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும், மாகாணம் அங்கீகரித்த முதலாளியிடம் வேலையும் கிடைத்திருக்க வேண்டும். வகுப்பு இணையவழி நடக்கிறது என்று டொரன்டோவில் மாமா வீட்டில் தங்கிப் படித்தவர் அந்த 16 மாதத்தை எப்படிக் காட்டுவார்?

மற்ற மாகாணங்களின் முன்மொழிவு கிடைத்தால் நிரந்தர வசிப்புரிமைக்குப் புள்ளி அடிப்படையில் ஆள் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வரிசையில் 600 புள்ளிகள் கூடும். அதற்காகவே சஸ்காட்செவனுக்கு விண்ணப்பித்துவிட்டு, நேரே டொரன்டோவில் போய் இறங்கலாம் என்று சிலர் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் நாட்டுக்குள் எங்கும் இடம்பெயரலாம் என்பது உண்மைதான். ஆனால் முன்மொழிந்த மாகாணத்தில் வாழும் நோக்கம் இருப்பதாக நாம் எழுதிக் கொடுக்கிறோம். முதல் நாளிலிருந்தே அந்த நோக்கம் இல்லை என்று தெரியவந்தால், அது தவறான தகவல் தந்த குற்றமாகிவிடும். கையிருப்புப் பணத்திலும் இதே கண்டிப்பு உண்டு: கடைசி ஆறு மாதச் சராசரி இருப்பைக் காட்டும் வங்கிக் கடிதம் கேட்பார்கள், கடன் வாங்கிய பணத்தை ஏற்கமாட்டார்கள். சித்தப்பாவிடம் ஒரு வாரத்துக்குப் பத்து லட்சம் புரட்டிப் போடுவது அங்கே செல்லாது.

ஏஜென்ட் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவுக்குப் பதிவுபெற்ற முகவர் என்றால் ஏழு இலக்கப் பதிவு எண் இருக்கும். கனடாவுக்கு அந்நாட்டு ஆலோசகர் கல்லூரியின் உறுப்பினராக இருக்க வேண்டும். கல்லூரி என்று பெயர் இருந்தாலும் அது பாடசாலை அன்று, ஒழுங்குமுறை அமைப்பு. இரண்டையும் அரசு, அமைப்பு இணையப் பக்கங்களில் எவரும் சரிபார்க்கலாம். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் இந்திய அரசு தரும் உரிமம் வேலைக்கு ஆள் அனுப்புபவர்களுக்கானது. அதைக் காட்டி நிரந்தர வசிப்புரிமை வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை. பணம் வாங்கிக்கொண்டு முதலாளியின் முன்மொழிவை ஏற்பாடு செய்வதாகச் சொன்னால் உடனே எழுந்து வந்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2015 முதல் அது சட்டவிரோதம், கொடுத்தவரும் தப்ப முடியாது.

வள்ளியூர் இளைஞர் ஏற்கெனவே ஓர் இடத்தில் முன்பணம் கட்டியிருந்தார். என்ன தொழில் குறியீட்டின் கீழ் விண்ணப்பித்திருக்கிறார்கள், எத்தனை புள்ளி கேட்டிருக்கிறார்கள், மணமானவரா இல்லையா என்ற கேள்விக்கு என்ன பதில் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அவருக்கு எதுவும் தெரியவில்லை. கணக்கைத் திறந்தது ஏஜென்டின் மின்னஞ்சலில்; கடவுச்சொல்லும் அவர்களிடமே. மறுநாள் காலையில் அவர் போய், தாக்கல் செய்தவற்றின் முழு நகலையும் கணக்கின் பயனர் பெயரையும் எழுத்து மூலம் கேட்டார். இரண்டு வாரம் இழுத்தடித்து, 46 பக்கங்கள் வந்தன. மூன்றாவது பக்கத்திலேயே அவருடைய பிறந்த ஆண்டு தவறாக இருந்தது.