காலபோக அறுவடைக்கு முன் மில்காரர் முடிக்க வேண்டிய அலுவல்கள்

இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தில் பரந்தனுக்குக் கிட்ட எங்கட நெல் மில். நிரந்தரமாக ஆறு பேர். மாசி பங்குனியில் காலபோக (மழைக்காலப் பெரும்போக) நெல் வரத் தொடங்கினால் பதினாறு பதினேழு பேர் நிற்பார்கள்: மூட்டை தூக்க, அவிக்க, உமி அள்ள. ஐந்து வருடமாக அந்த மேலதிக ஆட்கள் எனக்கு ‘சீசன் ஆக்கள்’ மட்டும்தான். பெயர்கள் ஒரு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் இருக்கும், சனிக்கிழமை காசு, கதை முடிந்தது. ஒருநாள் தொழில் கந்தோரிலிருந்து உத்தியோகத்தர் ஒருவர் வந்து சம்பளப் பதிவைக் கேட்டபோது நான் எடுத்து நீட்டியது அந்தக் கலண்டரைத்தான். அவர் சிரிக்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வியாபாரப் பதிவு, பிரதேச சபை அனுமதி எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்த ஆளுக்கு எந்தச் சட்டம்

ஒரே வளவுக்குள் இரண்டு சட்டம் ஓடும். முன்னறையில் பில் எழுதும் பிள்ளை 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்குள் வருவார்: நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி, கிழமையில் ஒன்றரை நாள் லீவு, கையில் நியமனக் கடிதம். பின்னால் மெசினில் நிற்பவர்களுக்கு, நெல் குற்றும் தொழிலுக்கென்று, குறைந்த சம்பளத்தைத் தீர்மானிக்கும் தனியான சம்பளச் சபை இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் அடித்தளம் தேசிய குறைந்தபட்சச் சம்பளம்: 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபாய், நாளுக்கு 1,200. எங்கட பக்கம் மூட்டை தூக்க அந்தக் காசுக்கு யாரும் வரமாட்டார்கள், அது வேறு கதை.

படி 2: ஒரு சீ.ஆர். கொப்பி

கணினியில் செய், ஆப் போடு என்று என் மருமகன் நிற்கிறான். நான் சீ.ஆர். கொப்பிதான் (தடித்த அட்டை போட்ட கோட்டுக் கொப்பி) சொல்லுவேன். கரண்ட் இல்லாத நேரமும் திறக்கும், ஆள் தன் பெயருக்கு நேரே தானே கையெழுத்து வைக்கலாம். திகதி, பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த நேரம், போன நேரம், கூலி, கையெழுத்து. இவ்வளவும் போதும். முதல்நாள் காலமையே எழுதுங்கோ, பின்னேரம் எழுதலாம் என்று விட்டால் அது நடக்காது.

படி 3: ஈ.பி.எப்., ஈ.டி.எப்.

நாட்சம்பளக்காரருக்கு ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்.) இல்லை என்பது வன்னி முழுக்க உலாவும் கதை. பிழை. நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி, மூட்டைக் கணக்கு என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. வேலைக்கு வந்த முதல்நாளிலிருந்து உண்டு. மில்லைப் பதிய டி படிவம், ஆளைப் பதிய ஏ.பி.எச். படிவம், மாதாமாதம் பணத்தோடு சி படிவம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாட்கூலி 2,400. மாதத்தில் 21 நாள் வந்தார். 50,400. மத்தியானச் சாப்பாடும் நாங்கள்தான் கொடுக்கிறோம். அதன் பெறுமதியையும் சேர்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. நாளுக்கு 150 என்று பிடித்தால் 3,150. ஆக மொத்தம் 53,550. ஓவர்டைம் காசு இதற்குள் வராது. ஊழியரின் 8 வீதம் 4,284, எங்கள் 12 வீதம் 6,426, இரண்டும் சேர்த்து 10,710. ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம், 1,606 ரூபாய் 50 சதம், முழுக்க எங்கள் கையிலிருந்து. அதை ஆளின் கூலியில் கழிக்கக் கூடாது. சேமலாப நிதிப் பணம் அடுத்த மாதம் முடிவதற்குள் போக வேண்டும். பிந்தினால் பிந்திய காலத்தைப் பொறுத்து 5 முதல் 50 வீதம் வரை மேலதிகமாகக் கட்டவேண்டி வரும்.

“அண்ணை, எனக்கு உது வேண்டாம், முழுக்காசையும் கையில தாங்கோ” என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது, வீட்டில் அரிசி வாங்க வேண்டும். ஆனால் அவர் சம்மதித்துக் கையெழுத்து வைத்தாலும் உங்கள் கடமை தீராது. நான் 12 வீதத்தைக் காட்டித்தான் கதைப்பேன்: “நீ நாலு போட நான் ஆறு போடுறன்.”

படி 4: பெயர்

நான் விழுந்த இடம் இது. மெதுவாக வாசியுங்கோ.

2009இல் போர் முடிந்தபோது ஆவணங்களோடு வெளியே வந்தவர்கள் குறைவு. பிறப்புச் சான்றிதழ் பிறகு எடுத்தது, அடையாள அட்டை முகாமில் இருந்து எழுதிக் கொடுத்து வந்தது, வங்கிக் கொப்பி இன்னொரு வருடத்தில் திறந்தது. தமிழில் ஒரே பெயர்தான். ஆங்கிலத்தில் ஒன்றில் எச் கூட, மற்றதில் எச் குறைய. தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். நான் என்ன செய்தேன் என்றால், வாயால் கேட்டு, என் கையால், எனக்குப் பிடித்த எழுத்துக்கூட்டலில் படிவத்தை நிரப்பினேன். மூன்று வருடம் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒருவர் வேலையை விட்டு, காசை எடுக்கப் போனபோதுதான் அது அவருடைய காசு என்று காட்ட முடியவில்லை. சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, கிராம அலுவலரிடம் கடிதம், பிறகு என்னிடம் இன்னொரு கடிதம். பஸ் காசும் அவருடையது, அலைச்சலும் அவருடையது, பிழை மட்டும் என்னுடையது.

இப்போது அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து பதிகிறேன். வங்கிக் கொப்பியில் வேறு மாதிரி இருந்தால் அன்றைக்கே சொல்லித் திருத்த அனுப்புகிறேன். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். இரண்டும் இருப்பவருக்கு இரண்டையும் கொப்பியில் குறித்து வைக்கவும்.

படி 5: பெல்ட்டும் கரண்ட்டும்

மில் என்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு தொழிற்சாலை. சுற்றும் பெல்ட், கப்பி, சங்கிலி எல்லாவற்றுக்கும் மறைப்பு வேண்டும். தகரத்தால் மூடாதீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால் ஆட்கள் ஒரு கிழமையில் கழற்றி மூலையில் வைப்பார்கள். கம்பி வலை, இரும்புச் சட்டம், நாலு போல்ட். வெல்டிங் கடையில் ஒருநாள் வேலை. மெசின் பக்கம் சாரமும் தோளில் துவாயும் கூடாது என்பதில் நான் கொடூரம். இரண்டு காற்சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அந்தச் சட்டத்தைப் போட்டேன்.

இனி கரண்ட். எங்கட மில்லில் ஒரு தம்பியின் நடுவிரல் நுனி போனது கரண்ட் இல்லாத நேரத்தில். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடிப்பெட்டி அடைத்துவிட்டது, கரண்ட் போய்விட்டது, இதுதான் வசதியான நேரம் என்று கையை விட்டுக் கிளறினார். கரண்ட் வந்தது. கையால் தள்ளிப்போடும் பழைய சுவிட்ச் போட்டபடியே நின்றதால் மோட்டார் தானாகச் சுற்றியது.

காந்தச் சுருள் உள்ள ஸ்டார்ட்டர் என்றால் கரண்ட் போனதும் விழுந்துவிடும், பச்சைப் பொத்தானை மறுபடி அமத்தினால்தான் ஓடும். உடனே வாங்கிப் போட்டேன். சோதித்துப் பார்க்க மெயினை நிறுத்தித் திரும்பப் போட்டால், மோட்டார் பழையபடி தானே ஓடுகிறது! இரண்டு நாள் மண்டையைக் குழப்பினேன். வயரிங் செய்தவர் பொத்தானுக்குப் பதிலாக, கையில் இருந்த திருகு சுவிட்ச்சைப் பொருத்தியிருந்தார். அது திருகிய இடத்திலேயே நிற்பதால் ஸ்டார்ட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பலனில்லை. ஆகவே வாங்கியதோடு விடாதீர்கள். மெசின் ஓடும்போது மெயினை நிறுத்தி, திரும்பப் போட்டுப் பாருங்கோ. ஓடாமல் நிற்க வேண்டும்.

அதோடு மெயின் பெட்டிக்கு ஒரு ஆமைப் பூட்டு. யார் கையை உள்ளே விடுகிறாரோ திறப்பு அவருடைய பையில். முதலாளியிடமும் இல்லை.

தூசுக்குத் துணி மாஸ்க் சரிவராது, என்95 வாங்குங்கோ. நெல் ஊறவைக்கும் ஆழமான தொட்டிக்குள் தனியாக யாரையும் இறக்காதீர்கள். நாட்பட்ட தண்ணீர் நின்ற தொட்டியில் மூச்சுக்குக் காற்று இல்லாமல் போகும்.

படி 6: காயம் பட்டால்

உயிர் போனாலோ, காயம் பட்டவர் 3 நாளுக்கு மேல் தன் வழமையான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ, தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். தம்பி இரண்டு கிழமை வீட்டில் இருந்தார். நான் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டு அறிவிக்காமல் இருந்தேன், அது கணக்கில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு தனி. 2022இல் அதன் உச்சத்தை 20 இலட்சமாக உயர்த்தினார்கள். வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நடக்கும் விபத்தும் உள்ளே வந்தது. காப்புறுதி எடுப்பதென்றால் சீசன் ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்லி எடுங்கோ. ஆறு பேருக்கு எடுத்துவிட்டுப் பதினாறு பேரை வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

பிற்சேர்க்கை 1: லீவில் பள்ளிப் பிள்ளைகள் மூட்டை கட்ட வருவதைப் பற்றி மல்லாவியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்க முடியாது. ஆபத்தான வேலைக்கு 18. மெசின் பக்கம் அந்தப் பிள்ளைகளை நிறுத்தவே வேண்டாம், தேத்தண்ணி கொண்டுவரக்கூட.

பிற்சேர்க்கை 2: “எங்களிடம் ஆறு பேர்தானே, பணிக்கொடை இல்லைத்தானே?” நெடுங்கேணியிலிருந்து வந்த கேள்வி. பணிக்கொடை என்பது ஆள் வேலையை விட்டு விலகும்போது கொடுக்க வேண்டிய காசு. நானும் அப்படித்தான் இருந்தேன். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பார்ப்பது, ஆள் விலகும் நாளுக்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளாவது 15 பேர் வேலையில் இருந்தார்களா என்பதை. அறுவடைக் கிழமையில் பதினாறு பேர் நின்றால் நீங்கள் உள்ளே. ஐந்து வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், மற்றவர்களுக்கு வருடத்துக்கு 14 நாட்கூலி, விலகி 30 நாளுக்குள். எங்கட பழைய அவியல்காரர் பதினொரு வருடம். 2,400 தர 14 தர 11. அவருடைய 3,69,600 ரூபாயை இந்த நெல் விற்ற காசிலிருந்து புறம்பாக எடுத்து வைத்திருக்கிறேன்.