சாய்ந்த பக்கங்களுக்குக் கையால் டவ்டெயில் வெட்டுவது

டவ்டெயில் என்பது ஒரு பலகையின் முனையில் புறாவாலைப் போல விரியும் 'வால்'களும், மற்றப் பலகையின் முனையில் அவற்றின் இடைவெளியில் புகும் 'பின்'களும் (pin) கோத்துக்கொள்ளும் மூலை இணைப்பு. அடி குறுகி வாய் விரிந்த தொட்டிலோ பெட்டியோ செய்யும்போது மூலைமட்டத்தைத் தள்ளி வைத்துவிடுங்கள். இதில் எந்த முனையும் சதுரம் கிடையாது.

முதலில் முனைகளை அறுக்க வேண்டும். பக்கம் செங்குத்திலிருந்து 15 டிகிரி வெளியே சாய்கிறது என்றால், பலகை முகத்தில் முனைக்கோடு 14.5 டிகிரி சாயும், அதற்கு மேல் கனத்திலும் ஏறக்குறைய 4 டிகிரி சரிவு வரும். சின்னதுதானே என்று இந்த 4 டிகிரியை விட்டால் மூலையில் சந்து தெரியும். மேல், கீழ் விளிம்புகளையும் இப்போதே இழைத்து, பெட்டி நிற்கும்போது தரைக்கு மட்டமாக வரும்படி செய்துவிடுங்கள், அடுத்து வரும் கோடுகளுக்கு அவைதான் ஆதாரம்.

வால் வரைவதில்தான் எல்லாம் இருக்கிறது. வாலின் நடுக்கோடு பலகையின் நீள விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும், சாய்ந்த முனைக்குச் செங்குத்தாக அல்ல. செங்குத்தாகப் போட்டால் ஒரு பக்கம் மர ரேகை குறுக்கே அறுபட்டு, கொட்டாப்புளியால் தட்டும்போதே அந்த மூலை சில்லாகப் பெயர்ந்துவிடும். அந்த நடுக்கோட்டுக்கு இரு புறமும் மென்மரம் என்றால் 1:6 (ஆறு பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு விலகல்), கடினமரம் என்றால் 1:8 சரிவு. சாய்ந்த முனைக்கோட்டிலிருந்து அளந்தால் இடது சரிவும் வலது சரிவும் வேறு வேறு கோணம், அதனால் இரண்டு பெவல் கேஜ் (வேண்டிய கோணத்தில் நிறுத்திக்கொள்ளும் மட்டம்) வைத்துக்கொள்வது நல்லது. அப்புறம் முனையின் கனத்தில் போடும் கோடு, இழைத்த மேல் விளிம்புக்கு இணையாகப் போகட்டும். பலகையைச் சாய்த்துப் பட்டறையில் பிடித்து, அந்தக் கோடு மட்டமாக வந்த பிறகு அறுங்கள், ரம்பத்தைச் சாய்த்துப் பிடிப்பதைவிட இது எளிது.

வால்களுக்கு இடையிலுள்ள கழிவை வளைவு ரம்பத்தால் எடுத்துவிட்டு, வால் தொடங்கும் அடிக்கோட்டில் உளி வையுங்கள், உளியும் அந்த 4 டிகிரி சாய்ந்தே இறங்க வேண்டும், இரண்டு முகத்திலிருந்தும் பாதிப்பாதியாக.

வாலை, 'பின்' வெட்ட வேண்டிய பலகையின் முனையில் வைத்துக் கத்தியால் கீறி எடுங்கள், பென்சில் கோடு இதற்குத் தடிமன். அங்கிருந்து முகத்தில் இறங்கும் கோடுகளும் நீள விளிம்புக்கு இணைதான். கோட்டை விட்டுவிட்டுக் கழிவுப் பக்கம் அறுத்து, இறுக்கமாக இருக்கும் இடத்தை மட்டும் உளியால் சீவுங்கள்.

முனையில் அறுத்த ஆப்பு வடிவத் துண்டுகளை எறியாதீர்கள். பசை போட்டுக் கிளாம்ப் மாட்டும்போது அடியில் கொடுத்தால் சாய்ந்த முகத்தில் அது வழுக்காது.