இட்லி வேனும் சூட்டில் கை வைக்கும் பழக்கமும்

மும்பையின் தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் மாவு டிரம்மும் இட்லிப் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பும் மாருதி ஈக்கோ, ஆம்னி வேன் வீடு திரும்ப 11 மணியாகும். ஓனர் சீட்டைத் தூக்கி இன்ஜினைப் பார்ப்பதும் அப்போதுதான். தப்பு அங்கேயே தொடங்குகிறது. ஆயில், கூலன்ட், டயர் காற்று மூன்றையும் ஆறிக் கிடக்கும் வண்டியில்தான் பார்க்க வேண்டும். அதாவது சரக்கு ஏற்றுவதற்கு முன்பு, தூக்கக் கலக்கத்தோடு இருக்கும் அந்த 4 மணிக்கு. பத்து நிமிஷ வேலை.

ஓடி வந்த டயரில் காற்று சூடாகி 3, 4 பவுண்டு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து ஹவாவாலா (டயருக்குக் காற்று அடிப்பவர்) காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அந்த டயர் தேவைக்குக் குறைவாக நிற்கும். முழு லோடு அதன்மேல் ஏறும். பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிப்பது இப்படித்தான். எத்தனை பவுண்டு என்பதை டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரே சொல்லும். லோடு இருக்கும்போது பின் டயருக்குத் தனி அளவு போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். நாலு டயருக்கும் ஒரே அளவு அடிப்பது சில காருக்குச் சரியாக இருக்கலாம், சரக்கு வேனுக்குச் சரியில்லை. டயரில் காடியின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படியே மாற்ற வேண்டும். மும்பை மழையில் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

ரேடியேட்டர் மூடி

சூட்டில் கை வைப்பதில் மிக மோசமானது இது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் பீறிடும். துணி போட்டுத் திறந்தாலும் இதே கதைதான். இன்ஜினை அணைத்து முக்கால் மணி நேரமாவது விட வேண்டும். மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தால் கை தாங்கும் சூடாக, அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். அன்றாடம் பார்ப்பதற்கு மூடியைத் தொடவே வேண்டாம், பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் அளவு இருந்தால் போதும்.

சயான் சர்க்கிள் நெரிசலில் வண்டி கொதித்து நின்றால் கையில் இருக்கும் பிஸ்லரியை ஊற்றத் தோன்றும். சூடான அலுமினிய ஹெட்டில் (இன்ஜினின் மேல் பகுதி) பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட் கோணிப் போகும், கேஸ்கட் போகும். கொஞ்சம் கூலன்ட்டில் முடிய வேண்டியது ஹெட் வேலையில் போய் நிற்கும்.

கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றுவதும் பழகிப்போன தவறு. துருத் தடுப்பு மருந்து அதில் கிடையாது, வாட்டர் பம்ப் சீல் முதலில் அடிபடும். கேரேஜ் டிரம்மில் போர் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ இருந்தால் உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய் அடைக்கும். கெட்டிக் கூலன்ட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டும். ரெடிமிக்ஸ் டப்பா என்றால் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் இரண்டையும் ஒரே மாதிரி ஊற்றுகிறார்கள். பச்சையோடு சிவப்பைக் கலப்பதும் வேண்டாம். மருந்து ஒத்துப்போகாவிட்டால் கூழாகிவிடும்.

ஆயில் கறுக்கவில்லை என்று விடுவது

சி.என்.ஜி.யில் (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) ஓடும் இன்ஜினில் கரி குறைவு. அதனால் ஆயில் ஆறாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் பொன்னிறமாகவே இருக்கும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று மாற்றாமல் விடுவார்கள். ஆனால் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து அது கெட்டியாகிக்கொண்டே போகிறது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, கிலோமீட்டரும் மாதமும்தான் கணக்கு. மேனுவல் 10,000 கிலோமீட்டர் என்று சொன்னாலும், கடைக்குக் கடை நின்று டெலிவரி செய்கிற வண்டிக்கு அதில் பாதியே சரி. வண்டி நகராவிட்டாலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த ஓட்டம் மீட்டரில் ஏறாது.

ஆயிலை மாற்றும்போது மட்டும் வண்டி லேசாகச் சூடாக இருக்கலாம், அழுக்கு சேர்ந்து இறங்கும். கை சுடும் அளவுக்கு வேண்டாம். டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போட வேண்டும், பழையது நசுங்கிய வாஷர். கசிகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்கினால் அடிச் சட்டியின் மரை போய்விடும். புது ஃபில்டரின் ரப்பரில் ஒரு விரல் ஆயில் தடவி, ரப்பர் போய் ஒட்டியபின் கையாலேயே முக்கால் சுற்று. ஸ்பேனர் தேவையில்லை. பழைய ஃபில்டரின் ரப்பர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன்மேல் புதியதை மாட்டினால் சில கிலோமீட்டருக்குள் மொத்த ஆயிலும் ரோட்டில் கிடக்கும்.

மாற்றியபின் அளவு பார்க்க, சமதரையில் நிறுத்தி, அணைத்து ஐந்து நிமிஷம் விட்டுக் குச்சியைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மேல் கோட்டுக்கு மேல் ஊற்றினால் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. அடியில் சுழலும் கிராங்க் தண்டு அந்த ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரை பேரிங்கைக் காப்பாற்றாது. சீட்டை மூடுமுன் துடைத்த துணி இன்ஜின் மேல் கிடக்கிறதா என்று ஒரு பார்வை. சீட்டுக்கு அடியில் இன்ஜின் இருக்கும் வண்டியில் மறந்த துணி சைலன்சர் குழாயில் பட்டால் முதலில் சூடு தெரிவது டிரைவருக்கு.

ஜாக்கி

வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும். அதை நம்பி அடியில் தலையை விடக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கியும் அப்படித்தான், சீல் சொல்லிவிட்டுப் போவதில்லை. அடியில் போக வேண்டுமென்றால் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, அதன்மேல் வண்டியை இறக்கி, கையால் அசைத்துப் பார்த்த பிறகு. செங்கல் அடுக்கும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது, ஒரு முனையில் அழுத்தம் பட்டால் பொடிந்துவிடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஈக்கோவும் ஆம்னியும் பின் சக்கரத்தால் ஓடுகிற வண்டிகள். ஃபர்ஸ்ட் கியரில் போட்டால் வண்டி நகராது என்று நினைத்துப் பின் சக்கரம் ஒன்றைத் தூக்கினால், டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரப் பெட்டி) தூக்கிய சக்கரத்தைச் சுற்ற விட்டுத் தரையிலிருக்கும் சக்கரத்தையும் உருள விடும். கியர் இருந்தும் இல்லாத மாதிரி. ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான், அதில் ஒன்று இப்போது அந்தரத்தில். அதனால் முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்த பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும். மாவு டிரம்மை இறக்கிவிடுங்கள். பேவர் பிளாக் பதித்த ரோட்டில் ஜாக்கி ஒரு பக்கம் அமுங்கும், அடியில் கெட்டியான பலகை வேண்டும். சாக்கடை மூடிமேல் வேண்டவே வேண்டாம்.

நட்டை அரைச் சுற்று தளர்த்துவது சக்கரம் தரையில் இருக்கும்போதே. மாட்டும்போது எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, இறக்கிய பிறகு இறுக்க வேண்டும். ஸ்பேனர்மேல் ஏறிக் குதித்து இறுக்குவதும், மரையில் ஆயில் விடுவதும் ஸ்டட்டை (நட்டு ஏறும் போல்ட்டை) இழுத்து நீட்டிவிடும். 50 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை மறுபடி பார்த்துவிட வேண்டும்.

பிரேக்

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மெல்ல மெல்ல இறங்கினால், பேடு தேய்கிறது என்று அர்த்தம். மேலே ஊற்றி அளவைச் சரிசெய்தால் அந்த எச்சரிக்கை காணாமல் போகிறது. சட்டென்று இறங்கினால் கசிவு, பின் டிரம்முக்குள் வீல் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மும்பைக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுவது, மூடி திறந்து பல நாளாகிய பாட்டிலைப் பயன்படுத்தாமல் இருப்பது, இரண்டும் முக்கியம். இன்ஜின் ஆயிலை ஒரு சொட்டு விட்டாலும் ரப்பர் எல்லாம் உப்பிவிடும். டிரம்மைக் கழற்றியதும் காற்று அடித்துத் தூசியை ஊதுவது கேரேஜ்களில் தினமும் நடக்கிறது. பிரேக் லைனர் தூசி நுரையீரலுக்குப் போகும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

மழையில்

ஹிந்த்மாதாவிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் தண்ணீர் தேங்கும் நாளில் வண்டி நடுவில் நின்றுபோனால், மறுபடி சாவி போடுவதுதான் இன்ஜினைக் கொல்வது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். தள்ளி ஓரம் சேர்த்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டோவிங் வண்டியை அழைக்க வேண்டும். நீரில் ஸ்டார்ட் செய்ததால் வந்த இன்ஜின் சேதத்தைச் சாதாரண இன்சூரன்ஸ் பொதுவாக ஏற்காது, இன்ஜின் புரொடெக்ஷன் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

சக்கரத்தின் நடு அளவுக்குத் தண்ணீரில் ஓட்டியிருந்தால் பின் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் போய்விட்டது. அதை மாற்றும்போது கியர் பாக்ஸ் ஆயிலும் டிஃபரன்ஷியல் ஆயிலும் ஒன்றுதானே என்று ஒரே டப்பாவை இரண்டிலும் ஊற்றக் கூடாது. மேனுவலில் கியர் பாக்ஸுக்கு ஜி.எல்-4, டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்-5 என்று ஆயில் ரகத்தைத் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் அப்படியே. மழைக்கால இரவுகளில் ஹேண்ட் பிரேக் இழுத்து நிறுத்தினால் காலையில் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரும் கட்டையும் போதும்.

கேஸ்

சி.என்.ஜி. சிலிண்டரில் 200 பார் அளவுக்கு அழுத்தம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) கட்டாயம், தேதி பிளேட்டில் இருக்கும். வாடை வந்தால் சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி வேண்டாம் என்று எழுத வேண்டியிருப்பதே வருத்தம்தான். பெட்ரோல் டேங்கைக் காயவிட்டு ஓட்டுவதும் தவறு, டேங்குக்குள் இருக்கும் பம்ப்புக்கு அந்தப் பெட்ரோல்தான் குளிர்ச்சி. கேஸில் மட்டும் வண்டி இடித்து இடித்து ஓடினால் உடனே சி.என்.ஜி. கிட்டைக் குறை சொல்லாமல் ஸ்பார்க் பிளக்கை முதலில் பார்க்க வேண்டும். கேஸுக்குப் பொறி பலமாக வேண்டும், தேய்ந்த பிளக் பெட்ரோலில் தெரியாமல் கேஸில்தான் தெரியும்.

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் போடுங்கள், கம்பியைச் சுற்றாதீர்கள்.

சாம்பாரும் சட்னியும் மாவுத் தண்ணீரும் சிந்தித் தரை விரிப்புக்கு அடியில் தங்கும் வண்டிகளில் உப்பும் புளிப்பும் சேர்ந்து தகடு அரித்துவிடும். வாரம் ஒருமுறை விரிப்பை எடுத்துக் கழுவிக் காயவிட வேண்டும். ஓட்டை விழுந்துவிட்டால் வெல்டிங் கடைக்குப் போவதற்கு முன், சி.என்.ஜி. குழாய் அந்தத் தரைக்கு அடியில் எந்த வழியாகப் போகிறது என்று கிட் மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லி, சிலிண்டரை அவரிடமே கழற்றி வைத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவையும் எடுத்துவிட்டுத்தான் வண்டியை உள்ளே விட வேண்டும்.