ஊர் நம்பரில் தளம் தொடங்காதீர்கள்: வெளிநாட்டில் இருந்து எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கருங்கல் பக்கத்துப் பையன் ஒருவன் ஷார்ஜாவில் எங்கள் அறைக்கு வந்தான். வேலைக்கு வந்து ஏழு வாரம்தான் ஆகிறது. "அண்ணா, எழுதணும்னு ரொம்ப நாள் ஆசை. சொந்தமா ஒரு சைட் வாங்கிட்டேன், பாருங்க" என்று போனை நீட்டினான். டொமைன், அதாவது தளத்தின் பெயரை வாங்கிய கணக்கைத் திறந்து பார்த்தேன். மொபைல் எண் ஊர் சிம். பணம் போவது ஊர் பேங்க் டெபிட் கார்டில் இருந்து. நான் 2018இல் செய்தது வரி மாறாமல் அங்கே இருந்தது. அன்று ராத்திரி இரண்டு மணி வரை அவனோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன்.

எழுத்துப்பிழை, கண்ணைக் குத்தும் நிறம், பெரிய பெரிய படங்கள் எல்லாம் எழுத எழுதத் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஊர் நம்பர், ஊர் கார்டு

விமானம் ஏற பத்து நாள் இருக்கும்போது, மார்த்தாண்டத்தில் வைத்தே ஒரு வருஷத்துக்கு டொமைனும், தளத்தை வைக்கும் இடமான ஹோஸ்டிங்கும் வாங்கினேன். இங்கே வந்தபின் அந்த ஒரு வருஷத்தில் நாற்பது கட்டுரை எழுதினேன். அதில் ஒன்று அப்பாவின் ரப்பர் பால்வெட்டு பற்றியது. விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு விளைக்குப் போவார். பட்டையில் சரிவாக ஒரு கோடு இழுப்பார். கோட்டில் பால் ஊறி, வழிந்து, சிரட்டையில் முதல் சொட்டு விழும்வரை அடுத்த மரத்துக்கு நகர மாட்டார். அதைப் படித்துவிட்டு சித்தி போனில் அழுதாள்.

வெளிநாட்டு வேலைக்கு வந்தால் ஊரில் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். மாற்றினேன், பழைய கார்டு ரத்தானது. ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் எண்ணை நிறுத்திவிட, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதியில் இடம் உண்டு, என் எண்ணும் அப்படித்தான் போனது. டொமைன் காலாவதியாகும் முன் ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும்போதும் ஒரு வாரம் இருக்கும்போதும் விற்றவர்கள் தகவல் அனுப்பியாக வேண்டும் என்பது, இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதி. அனுப்பியிருப்பார்கள். நான் போனை மாற்றியிருந்தேன். மின்னஞ்சலைத் திறக்க ஓடிபி கேட்டது, அது செத்துப்போன நம்பருக்குப் போனது. ஓவர்டைம் நேரம், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அந்த 'அப்புறம்' மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

டாட் காம் பெயர் காலாவதியான அன்றே கைவிட்டுப் போய்விடாது. விற்றவரைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க விடுவார்கள். அடுத்த 30 நாள் மீட்புக் காலம், அதில் கூடுதலாகத் தண்டம் கட்டி மீட்கலாம். அதற்கடுத்த 5 நாள் யாராலும் தொட முடியாது. அது முடிந்ததும் முதலில் கேட்பவருக்குப் பெயர் போய்விடும். எழுபத்தைந்து நாள் வரை கதவு திறந்து கிடந்தது, நான் போகவில்லை. கடைசியில் சித்திதான் கூப்பிட்டாள்: "மக்கா, உன் பக்கத்தைத் திறந்தா சூதாட்டம் வருதே?"

ஹோஸ்டிங்குக்கும் அதே கார்டுதான், அதுவும் அழிந்திருந்தது. பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடித்தேடி 23 கட்டுரைகளை மீட்டேன். அப்பாவைப் பற்றியது அவற்றில் இல்லை. மறுபடி எழுதிப் பார்த்தேன். சிரட்டைச் சொட்டு வந்தது. கத்தியைத் தீட்டும்போது அவர் சொன்ன கணக்கு ஒன்று இருந்தது, அது வரவில்லை. அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே அப்பா தவறிவிட்டார், இனி யாரிடம் கேட்பது?

ஆகவே, டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வாங்குங்கள். அந்த மின்னஞ்சலை எந்த சிம்மோடும் கட்டிப்போடாதீர்கள். விசா முடிந்து கிளம்பினால் இங்கத்திய நம்பரும் போய்விடும். சிம் இல்லாமலே ஓடிபி தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் போட்டு, அவசரத்துக்குத் தரும் குறியீடுகளைத் தாளில் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள். பெயரை ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே கட்டலாம், பத்து வருஷம் வரை விடுவார்கள். ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு முடியும் தேதியைச் சொல்லி வையுங்கள். எனக்கு இப்போது தங்கச்சி இருக்கிறாள், பொங்கல் முடிந்ததும் கூப்பிட்டு நினைவூட்டுவாள்.

மூன்று வருஷ ஹோஸ்டிங்

வேண்டாம். பெயர்தான் நீண்ட காலத்துக்கு, இடம் ஒரு வருஷம் போதும்.

எக்ஸ்போர்ட் எடுத்தால் எல்லாம் வந்துவிடும் என்று நம்புவது

தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் கிடைக்கும் கோப்பில் எழுத்து முழுக்க இருக்கும். படங்கள் இருக்காது, அவற்றின் முகவரிகள் மட்டும்தான் இருக்கும். பழைய தளம் போய்விட்டால் அந்த முகவரிகளால் ஒரு பயனும் இல்லை. படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரைத் தனியாக இறக்கி வையுங்கள்.

தமிழிலேயே விடப்பட்ட இணைப்பு

'கன்னியாகுமரி' என்ற ஒரு சொல்லை இணைப்பில் அப்படியே விட்டால், நகலெடுத்து அனுப்பும்போது பெரும்பாலும் அது சதவீதக் குறிகளாக உடைந்து 108 எழுத்தாக நீளும். வாட்ஸ்அப்பில் அதைப் பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று பயந்து தொடவே மாட்டார். இணைப்பை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள்.

அறைத் தோழரின் படம்

கேட்காமல் போடாதீர்கள். அமீரகத்தில் 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சைபர் சட்டப்படி அது குற்றம்.

ஊர்ச் சொல்லைத் திருத்துவது

எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று சக்கையைப் பலாப்பழம் ஆக்குகிறார்கள், மரச்சீனியை மரவள்ளி ஆக்குகிறார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் தமிழ் அது. அதைத் தேடித்தான் நம் ஆட்கள் படிக்க வருகிறார்கள். மற்றவர்கள் இரண்டு வரி தாண்டினால் தாமாகவே புரிந்துகொள்வார்கள். கருங்கல் பையனின் முதல் கட்டுரையில் 'காட்டுப் பலா' என்று இருந்தது. "உங்க வீட்டுல அப்படியா சொல்லுவாங்க?" என்று கேட்டேன். அயனிச்சக்கை என்று மாற்றினான். மாற்றிவிட்டு அம்மாவைப் போனில் கூப்பிட்டு, அதன் கொட்டையை எப்படி வறுப்பார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தான்.