இசிஜி மென்பொருள் வருமுன் சர்வரில் என்ன தயார் செய்ய வேண்டும்?

நிறுவுவதற்கு ஆள் வரும் முன்பே வட்டில் எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டு வையுங்கள். 12 லீட் (இதயத்தின் மின்னோட்டத்தை வெவ்வேறு கோணத்தில் காட்டும் 12 பதிவுகள்), 10 நொடி, நொடிக்கு 500 மாதிரிகள், ஒவ்வொன்றும் 2 பைட் என்றால் ஒரு இசிஜி சுமார் 120 கேபிதான். ஆனால் 3 சேனல் ஹோல்ட்டர் (நோயாளி உடலில் மாட்டிக்கொண்டே நடமாடும் இசிஜி பதிவுக் கருவி) 24 மணி நேரம் ஓடினால், நொடிக்கு 250 மாதிரி என்று வைத்தாலே 130 எம்பியைத் தொட்டுவிடும், ஆக இடத்தை விழுங்குவது அதுதான். டேட்டாபேஸ் மட்டும் வேகமான எஸ்எஸ்டி வட்டில் இருக்கட்டும்.

நெட்வொர்க்கில் இசிஜி மெஷின்களுக்குத் தனி வி-லேன் (அதே நெட்வொர்க்கில் பிரித்து வைத்த தனிப் பகுதி), நிலையான ஐபி. மருத்துவப் படங்களையும் பதிவுகளையும் அனுப்பும் டைகாம் முறைக்கு வழக்கமாக 104 அல்லது 11112 போர்ட், ஃபயர்வாலில் திறந்து வையுங்கள். நோயாளி விவரம் எச்எல்7 (மருத்துவமனை மென்பொருள்கள் தகவல் பரிமாறும் முறை) வழியாக வந்து வொர்க்லிஸ்டில், அதாவது மெஷினில் தெரியும் நோயாளிப் பட்டியலில், தெரிய வேண்டும். இல்லையென்றால் அவசரத்தில் நர்ஸ் கையால் எண்ணை அடிப்பார், ஓர் இலக்கம் மாறினாலும் ஒருவரின் இசிஜி இன்னொருவர் கோப்பில் போய் உட்கார்ந்துவிடும்.

பலரும் கோட்டை விடுவது கடிகாரத்தில். எல்லா மெஷினும் நேரத்தைச் சரியாக வைக்கும் ஒரே என்டிபி சர்வரைப் பார்க்காவிட்டால், நெஞ்சுவலியோடு வந்தவரின் இரண்டாவது இசிஜி முதலாவதுக்கு முன்னால் நிற்கும், டாக்டர் குழம்பிப்போவார்.

அப்புறம் பேக்கப். எடுத்தால் மட்டும் போதாது, மாதம் ஒருமுறை சோதனை சர்வரில் மீட்டு, ஒரு பதிவைத் திறந்து 12 லீடும் முழுதாக வருகிறதா என்று பாருங்கள்.